பொதுப் பொத்தான்

அங்கயற்கண்ணி தேர்வை எழுதி முடித்துவிட்டாள். விடைத்தாளை அனுப்பும் பொத்தான்தான் இன்னும் திரைக்கு வந்து சேரவில்லை.

அது வழக்கம்தான். கணினித் தேர்வை ஐந்து பல்கலைக்கழகங்கள் சேர்ந்து நடத்தின. கேள்விகள் மலைப் பல்கலைக்கழகத்துக்குச் சொந்தம். விடை எழுதும் கட்டம் கடற்கரைப் பல்கலைக்கழகத்துக்கு. கடிகாரம் ஆற்றங்கரைக்காரர்களுடையது, அவர்களுக்கு இன்று உள்ளூர் விடுமுறை என்பதால் காலையிலிருந்து நேரம் ஓடவில்லை. பொத்தானை மட்டும் யாரும் தனியாக வைத்துக்கொள்ளக் கூடாது என்று ஒப்பந்தம்.

தாள் போய்ச் சேர்ந்தால்தான் வேலை. திருச்சியில் ஒரு கல்லூரி அவளுக்காக ஒரு நாற்காலியைச் சாயங்காலம் வரை காலியாக வைத்திருந்தது. திருச்சியில் நேரம் ஓடிக்கொண்டிருந்தது.

"சார், பொத்தான் எப்ப வரும்?"

மேற்பார்வையாளர் ஜெபமணி நிமிர்ந்தார். "கூட்டம் நடக்குதும்மா. முடிவாயிட்டா வந்துரும்."

"கூட்டம் எப்ப முடியும்?"

"போன கூட்டம் என் கல்யாணத்துக்கு முன்னாடி முடிஞ்சுது."

அவருடைய மகள் பின்வரிசையில் தேர்வு எழுதிக்கொண்டிருந்தாள்.

"நீயே போய்க் கேளேன். நேராப் போனா வரும்."

நடைவழி அவள் நடக்க நடக்க வளர்ந்தது. முன்னால் ஒரு கொத்தனார் அதன் அடுத்த துண்டைப் பூசிக்கொண்டிருந்தார். "மெதுவா வாம்மா, ஈரம் காயலை," என்றார். அவள் மெதுவாக நடந்தாள். அவரும் மெதுவாகவே பூசினார்.

கூட்ட அறையில் நான்கு பேர் இருந்தார்கள். மலைப் பல்கலைக்கழகத்தின் சிங்காரவடிவேலு தலைமை வகித்தார். பக்கத்தில் கடற்கரையின் செய்யது நாச்சியா. ஆற்றங்கரைக்காரர் விடுமுறையில் இருந்ததால் ஒரு கையைத் தூக்கியபடி தூங்கினார். பைபாஸ் பல்கலைக்கழகத்தின் பிரதிநிதி போன மாதம் மின்விசிறியாகிவிட்டார். தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

"பொத்தானை அனுப்பினீங்கன்னா தாளைக் குடுத்துட்டுக் கிளம்பிருவேன் சார்."

"எங்களுக்கு ஆட்சேபணையே இல்லைம்மா. அஞ்சு கை தூக்கணும். நாலுதான் இருக்கு."

"அஞ்சாவது யூனிவர்சிட்டி வரலையா?"

"அதை இன்னும் கட்டலை," என்றார் செய்யது நாச்சியா. "அடிக்கல் நாட்டியாச்சு. எங்கே நாட்டினாங்கன்னுதான் தேடிக்கிட்டிருக்காங்க."

"கட்டாமலா ஒப்பந்தத்துல கையெழுத்துப் போட்டாங்க?"

"ரொம்ப அழகான கையெழுத்து."

சிங்காரவடிவேலு அவளை ஏற இறங்கப் பார்த்தார். "ஏம்மா, நீ இருக்கியே. படிச்சிருக்கே. கூட்டத்துக்கும் வந்துட்டே. வேற என்ன வேணும்?"

பொன்னாடை போர்த்தினார்கள். அவள் ஐந்தாவது பல்கலைக்கழகம் ஆனாள். தோள் சற்றுக் கனத்தது. முழங்கைக்கு அருகில் ஒரு நூலகம் இருப்பது தெரிந்தது. இடது காதுக்குப் பின்னால் யாரோ விடுதிச் சாப்பாட்டைத் திட்டினார்கள்.

"அங்கயற்கண்ணி என்கிற மாணவியோட விடைத்தாளை வாங்கிக்கலாம்னு நினைக்கிறவங்க கை தூக்கலாம்," என்றார் தலைவர்.

கைகள் உயர்ந்தன. மின்விசிறி தலையாட்டியது.

அங்கயற்கண்ணி கையைப் பாதி தூக்கினாள். பிறகு இறக்கினாள்.

"அந்தப் பிள்ளையை எனக்குத் தெரியும்," என்றாள். "மூணாவது பாடத்தைத் தொடவே இல்லை. குத்துமதிப்பா எழுதியிருக்கு."

"நிச்சயமாத் தெரியுமா?"

"கூடவே இருந்தேன்."

சிங்காரவடிவேலுவின் முகம் மலர்ந்தது. "பாத்தீங்களா நாச்சியா? கட்டாம விட்டதே நல்லதாப் போச்சு. சொல்லும்மா, என்ன செய்யலாம்?"

"திரும்ப எழுதட்டும்."

எல்லோரும் மேசையைத் தட்டினார்கள். காற்று கொஞ்சம் வேகமாக வீசியது. திருச்சியில் சாயங்காலம் ஆனது. பல்கலைக்கழகம் என்ற முறையில் அவள் வருத்தம் தெரிவித்தாள்.

ஆனாலும் மனசு கேட்கவில்லை. காலையில் வெறும் வயிற்றோடு கிளம்பிய பிள்ளை. ஒரு டீயும் வடையும் கொடுத்தனுப்பச் சொன்னாள்.

தேர்வு அறையில் ஜெபமணி அவற்றை வாங்கி அங்கயற்கண்ணியின் மேசையில் வைத்தார்.

"யார் சார் குடுத்தது?" என்று அங்கே உட்கார்ந்திருந்தவள் கேட்டாள்.

"உங்க யூனிவர்சிட்டிம்மா."

"நல்லா இருக்கட்டும்," என்றாள் அவள். வடையைப் பிட்டு வாயில் போட்டுக்கொண்டு முதல் கேள்வியைப் படிக்கத் தொடங்கினாள்.