தணிகாசலம் சரிசெய்த கிட்டார்

நான் வேலை பார்த்த துபாய் ஓட்டலில் இசைக்குழு கலைந்தபோது, அவர்களுடைய பழைய பெடல் ஸ்டீல் கிட்டாரை வாங்கிக் கோட்டக்குப்பத்துக்குக் கொண்டுவந்தேன். மேசை மாதிரி நாலு கால், மேலே பத்துக் கம்பி, கீழே மூன்று பெடல், எல்லாவற்றிலும் துரு. திண்டிவனத்தில் ஆர்மோனியம் ரிப்பேர் பார்க்கும் தணிகாசலத்திடம் ஒப்படைத்தேன். சுத்துப்பட்டு பஜனை ஆர்மோனியமெல்லாம் அவர் கைபட்டால்தான் சுதி சேரும்.

திரும்பப் போனபோது கிட்டார் பளபளவென்று இருந்தது. கம்பியை மீட்டிக்கொண்டே பெடலை மிதித்தேன். அது கல் மாதிரி நின்றது.

"மிதிச்சா கம்பிய இழுத்துக்கினு சுதி மேல ஏறிடுது பாய். ஒரே பேஜாரு. அதான் மூணையும் வெல்டு வெச்சி நிறுத்திட்டேன்" என்றார் தணிகாசலம்.

நான் கத்தினேன். "சுதி வழுக்கிக்கினு ஏறி எறங்கத்தான்யா பெடலே வெச்சிருக்கான்! அதுக்குத்தான் இந்த வாத்தியமே!"

அவர் கிட்டாரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு வெல்டை அறுக்க ஆக்சா பிளேடை எடுத்தார்.

"பழையபடி கெடுத்துத் தர்றேன் பாய். ஆனா நான் செஞ்சதுன்னு மட்டும் வெளியில சொல்லிடாதீங்க."