லிஃப்டுக்குள் கேட்ட கடைசி ஓவர்

ராஜா அண்ணாமலைபுரத்தில் மூன்றாவது மாடியில் குடியிருந்த ராகவேந்திரன், ஊரே எல்இடிக்கு மாறிய பிறகும் தன் பெரிய பிளாஸ்மா டிவியை விடவில்லை. கறுப்பு என்றால் அதில்தான் கறுப்பு என்பார். அது ஓடினால் ஹால் அடுப்படி மாதிரி கொதிக்கும். அதற்காக ஏசியும் போட வேண்டும். கரண்டைக் குடிக்கிறது என்று மனைவி காமாக்ஷி சொல்லிச் சொல்லி ஓய்ந்திருந்தாள்.

சித்திரை மாதத்து ஞாயிறு சாயங்காலம். மஞ்சள் சட்டை அணியின் ஆட்டம் கடைசி ஓவருக்கு வந்தபோது கரண்ட் போயிற்று. நெட்டும் போயிற்று. கட்டடத்து ஜெனரேட்டர் ஓடத் தொடங்கியது. பழைய ஜெனரேட்டர்; லிஃப்டையும் வீட்டுக்கு ஒரு விளக்கு, ஒரு ஃபேனையும்தான் தாங்கும். ராகவேந்திரன் ஃபேனை நிறுத்திவிட்டு அந்த லைனில் டிவியைச் சொருகினார். ஒன்றுக்குப் பதில் ஒன்று, இதில் என்ன தப்பு என்று நினைத்தார். அந்த டிவி ஏழெட்டு ஃபேன் இழுக்கிற கரண்டை இழுக்கும் என்பது ஜெனரேட்டருக்குத்தான் தெரிந்தது. இரண்டு தடவை இருமிவிட்டு நின்றுபோனது.

லிஃப்டிலிருந்து யாரோ கதவைத் தட்டுகிற சத்தம் வந்தது.

உள்ளே மாட்டிக்கொண்டவர் கருணாகரன். தி. நகரில் ஜவுளிக்கடை வைத்திருப்பவர், அசோசியேஷன் செயலாளர். ஆட்டம் பார்க்கத்தான் கடையிலிருந்து சீக்கிரம் கிளம்பி வந்திருந்தார். ராகவேந்திரன் பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் படியிறங்கி ஓடினார். இரண்டாம் மாடியில் கதவிடுக்கில் வாயை வைத்து எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டார். வாட்ச்மேன் வைரவன் ஜெனரேட்டரைத் திரும்பப் போடுகிறார், உடனே வெளியே வந்துவிடலாம், டிவியைத் தொடவே மாட்டேன் என்றார்.

கருணாகரன் உள்ளிருந்து கேட்டது வேறு.

"எத்தனை ரன் வேணும் சார்?"

"ஆறு பந்துல ஒம்பது."

"அப்ப லிஃப்டை ஆஃப் பண்ணிட்டு டிவியைப் போடச் சொல்லுங்க. நான் எங்க போயிரப் போறேன்?"

அப்படியே செய்தார்கள். ஆனால் மனுஷரைத் தனியே விட்டுவிட்டு மேலே போய் உட்கார ராகவேந்திரனுக்கு மனசு வரவில்லை. காமாக்ஷி டிவியைப் பார்த்து மாடிப்படியில் குரல் கொடுத்தாள். அவர் அதை லிஃப்டுக்குள் சொன்னார். காமாக்ஷிக்குக் கிரிக்கெட் தெரியாது. ஒருத்தன் பந்தைத் தூக்கி அடித்தான், இன்னொருத்தன் ஓடிப்போய் விழுந்து புரண்டான் என்றாள். பிடித்தானா என்று கேட்டால், பாவம், முட்டி சிராய்த்திருக்கும் என்றாள்.

கடைசியில், "எல்லாரும் கட்டிண்டு அழறா," என்றாள்.

"யாரு, மஞ்சளா?" என்று உள்ளிருந்து கேட்டார் கருணாகரன்.

"எல்லாருந்தான்."

அதற்குள் கரண்ட் வந்துவிட்டது. கருணாகரன் வெளியே வந்தபோது சட்டையைப் பிழியலாம் போலிருந்தது. இரண்டு பேரும் மாடியேறி ஓடிப் பார்த்தார்கள். மஞ்சள் ஜெயித்திருந்தது. கருணாகரன் அந்த ஈரச் சட்டையோடு ராகவேந்திரனைக் கட்டிக்கொண்டார்.

அடுத்த அசோசியேஷன் கூட்டத்தில் அவரே தீர்மானம் கொண்டுவந்தார்: ஜெனரேட்டர் லைனில் யாரும் பிளாஸ்மா டிவி போடக் கூடாது. முதலில் கை தூக்கியவள் காமாக்ஷி.