அசையாமல் உட்காருதல்

"சட்டையத் தூக்கு," என்றாள் வெல்டா.

ஹாலிஸ் சமையலறை நடுவில் நின்று, தலைவாசலில் பிடிபட்ட பள்ளிக்கூடப் பையனைப் போல, இலையும் சருகுமாக அச்சிட்ட புதுச் சட்டையின் விளிம்பைத் தூக்கிக் காட்டினான். உள்ளே வெள்ளை பனியன்.

"இது என்ன?"

"பனியன்."

"என்ன நிறம்?"

"வெல்டா, நான் கொல்லைக்குத்தான் போறேன். நம்ம வால்நட் மரத்தடிக்கு. அங்க என்னை யாரு சுடப் போறா, நீயா?"

"நினைப்பு வராம இல்ல. போய் மாத்திட்டு வா. வெள்ளை, சிவப்பு, நீலம் மூணும் வான்கோழிச் சேவல் தலை நிறம், வேட்டைக்கு ஆகாதுன்னு டெல்மர் எத்தனை தடவை சொன்னான்? கழுத்துல துளி வெள்ளை தெரிஞ்சாப் போதும், எதிர்ப் புதர்ல இருக்கறவன் வான்கோழித் தலைன்னு சுட்டுடுவான். பழகறதுன்னா ஒழுங்காப் பழகு."

அவள் பயத்துக்குக் காரணம் இருந்தது. அவளுடைய சித்தப்பா மகனுக்கு ஒரு வசந்த காலத்தில் அப்படித்தான் ஒரு கண் போயிற்று. சுட்டவன் பக்கத்துப் பண்ணைக்காரன், நல்லவன். அதற்குப் பிறகு அவள் வீட்டுக்குள் துப்பாக்கி வரவே கூடாது என்றிருந்தாள். ஹாலிஸுக்கும் அதில் குறையொன்றும் இருந்ததில்லை. அவன் செயின்ட் லூயிஸ் நகரத்துப் பையன். அவளைக் கட்டிக்கொண்டு இந்த மலைக்கு வந்து, இங்கேயே தபால்காரனாகி, மண்பாதைகளில் கார் ஓட்டியே தலை நரைத்தவன். ஏப்ரல் மாதக் காலைகளில் மேட்டுச் சாலையில் காரை நிறுத்தி, எஞ்சினை அணைத்துவிட்டு, காட்டுக்குள்ளிருந்து வான்கோழிச் சேவல்கள் கொக்கரிப்பதைக் கேட்பான். அதனால் எல்லார் வீட்டுத் தபாலும் தாமதமாகும். எல்லாருக்கும் காரணம் தெரியும்.

போன இலையுதிர் காலத்தில் ஓய்வு பெற்றான். கிறிஸ்துமஸ் விருந்தில், எல்லாரும் சாப்பிட்டு முடித்துச் சோம்பிக் கிடந்தபோது, வெல்டாவின் தம்பி டெல்மரிடம் சொன்னான், "இந்த வசந்தத்துக்கு என்னையும் வான்கோழி வேட்டைக்குக் கூட்டிட்டுப் போ."

"நீயா? உனக்குத் துப்பாக்கியில எந்தப் பக்கம் குண்டு வரும்னு தெரியுமா?"

"சுடறது ரெண்டாம் பட்சம். நான் கூப்பிடணும், அது பதில் சொல்லணும். ஆயுசு பூரா ஊரான் கடுதாசியக் கொண்டுபோய்ப் போட்டாச்சு. எனக்குன்னு யாரு பதில் போட்டா?"

வெல்டா நிபந்தனைகள் விதித்தாள். துப்பாக்கியும் தோட்டாவும் வேட்டை நாள்வரை டெல்மர் வீட்டிலேயே இருக்க வேண்டும். ஹாலிஸ் தனியாகப் போகக் கூடாது. உடையை அவள்தான் பார்த்து அனுப்புவாள். எல்லாவற்றுக்கும் ஒப்புக்கொண்டான். திங்கட்கிழமை வேட்டைக்காலம் தொடங்குகிறது. இன்று வியாழன்.

பனியனை மாற்றினானா இல்லையா என்று அவள் மறுபடி பார்க்கவில்லை. அவன் முகத்தை மூடும் வலையைத் தலையில் மாட்டிக்கொண்டு, கையில் சின்ன மரப்பெட்டியோடு வந்து நின்றான். மூடியில் சாக்குக்கட்டி தடவி இழுத்தால் பெட்டை வான்கோழி கூப்பிடுவதுபோலக் கீச்சிடும் பெட்டி அது. ஜனவரியிலிருந்து அந்த வீட்டில் வேறு சங்கீதம் கிடையாது.

"உன்னால அரை மணி நேரம் அசையாம உட்கார முடியாது," என்றாள் வெல்டா. "பிரசங்கம் முடியறதுக்குள்ள பெஞ்சையே தேய்ச்சுடற ஆளு நீ."

"உட்கார்ந்து காட்டினா?"

"காட்டினா திங்கக்கிழமை விடியறதுக்கு முன்ன எழுந்து உனக்கு மெத்துமெத்துனு பிஸ்கட் ரொட்டி சுட்டுத் தரேன்."

"கிரேவியோட?"

"கிரேவியோட."

அவன் திண்டு ஒன்றை அக்குளில் இடுக்கிக்கொண்டு புல்வெளியில் இறங்கிப் போனான்.

வால்நட் மரம் சமையலறை ஜன்னலுக்கு நேர் எதிரே, வேலி ஓரத்தில் நின்றது. அதன் அடியில் முதுகைச் சாய்த்து, முழங்கால்களை மடக்கி உட்கார்ந்தான். முதலில் மூக்கைச் சொறிந்தான். வெல்டா ஜன்னல் கண்ணாடியைத் தட்டினாள். அவன் கையை உயர்த்தி மன்னிப்புக் கேட்டான். பிறகு காலை மாற்றிப் போட்டான். அவள் தட்டினாள். பெட்டி இரண்டு மூன்று முறை கீச்சிட்டது. அவள் உள்ளே பழம் வைத்துச் சுடும் ஆப்பிள் பைக்கு மாவு உருட்டத் தொடங்கியதும் ஜன்னலை மறந்துபோனாள். வெளியே சத்தம் ஓய்ந்ததை அவள் கவனித்தாள். அப்பாடா என்றிருந்தது.

டெல்மர் வந்தபோது ஆப்பிள் பை அடுப்புக்குள் போயிருந்தது. இடுப்பு எலும்பில் அறுவை சிகிச்சை செய்ததிலிருந்து அவன் ஒரு பக்கம் சாய்ந்து நடப்பான். காபி ஊற்றிக்கொண்டு ஜன்னலோரம் வந்து நின்றான்.

"ஹாலிஸ் எங்க?"

"எதிர்லதான் இருக்கான். கண்டுபிடி."

டெல்மர் கண்ணைச் சுருக்கிப் பார்த்தான். "அட, அவனா அது? நான் மரத்தோட வேர்னு நெனச்சேன்." குரலைத் தாழ்த்திக்கொண்டான், ஏதோ காட்டுக்குள் நிற்பவன் போல. "எவ்வளவு நேரமா இப்படி?"

"நீ வர்றதுக்கு ரொம்ப முன்னாடியே. நம்ப முடியுதா?"

இருவரும் தோளோடு தோள் உரச நின்று பார்த்தார்கள். ஒரு ராபின் குருவி புல்லில் தத்தித் தத்தி வந்தது. அவன் பூட்ஸ் முனையில் ஏறியது. கொஞ்ச நேரம் அங்கேயே நின்று வாலை ஆட்டியது.

"முப்பது வருஷமாக் காட்டுக்குப் போறேன், எம்மேல ஒரு குருவி உட்கார்ந்ததில்ல," என்றான் டெல்மர். "முதல் வருஷமே சேவல் அடிச்சுடுவான் பாரு. அப்புறம் இவன் பேச்சை யாரு கேக்கறது?"

வெல்டாவுக்குப் பெருமையாக இருந்தது. கைப்பேசியை எடுத்து ஜன்னல் வழியே படம் பிடித்து, ஸ்பிரிங்ஃபீல்டில் இருக்கும் மகள் ரோண்டாவுக்கு அனுப்பினாள். "உங்கப்பா எங்கே இருக்கிறார், கண்டுபிடி." உடனே சிரிப்பு முகங்கள் வரிசையாக வந்தன. "அம்மா, நிஜமாகவே தெரியவில்லை," என்று எழுதியிருந்தாள் ரோண்டா.

டெல்மர் மேசையில் உட்கார்ந்து திங்கட்கிழமைத் திட்டத்தைச் சொன்னான். வண்டியைப் பழைய கல்லறை ஓரம் நிறுத்துவது. அங்கிருந்து விளக்கில்லாமல் நடப்பது. ஓடைக்கு மேலே சேவல்கள் அடையும் ஓக் மரத்தை அவன் பார்த்து வைத்திருந்தான். ஹாலிஸை முன்னால் உட்கார வைத்துவிட்டு, தான் பின்னால் இருந்து கூப்பிடுவதாகச் சொன்னான்.

"அவனே கூப்பிடட்டும்," என்றாள் வெல்டா. "அதுக்காகத்தான வர்றான்."

"அவன் கூப்பிட்டா சேவல் அடுத்த கவுண்டி எல்லைக்கே ஓடிடும்."

சிரித்துக்கொண்டிருந்தபோது மழை வந்தது. முதலில் தகரக் கூரையில் நாலைந்து துளி. பிறகு ஒரே சீராக. வெல்டா பின்வாசலுக்குப் போய்க் கதவைத் திறந்தாள்.

"ஜெயிச்சுட்ட! உள்ள வா!"

மரத்தடியில் அசைவில்லை.

"மழைக்கும் அசையல பாரு," என்றான் டெல்மர், அவள் தோளுக்குப் பின்னாலிருந்து. "ஹாலிஸ்! போதும்டா, வா!"

மழை வலுத்தது. ஹாலிஸின் முகவலை நனைந்து ஒட்டிக்கொண்டது. மூக்கும் தாடையும் வலை வழியே தெரியத் தொடங்கின. டெல்மர் காபிக் கோப்பையை எங்கே வைப்பது என்று தெரியாமல் சுற்றிலும் பார்த்தான். பிறகு வாசற்படியிலேயே வைத்துவிட்டு இறங்கி நடந்தான். பாதி தூரத்தில் ஓடினான். இடுப்பு ஒத்துழைக்காமல் ஒரு பக்கமாக இழுத்து இழுத்து ஓடினான்.

வெல்டா படியை விட்டு இறங்கவில்லை. டெல்மர் மண்டியிட்டு வலையைத் தூக்கியதைப் பார்த்தாள். ஹாலிஸைப் புல்லில் கிடத்தியதைப் பார்த்தாள். இலைச் சட்டையின் பொத்தான்கள் தெறிக்கப் பிய்த்து, இரண்டு கையாலும் நெஞ்சை அழுத்தத் தொடங்கியதைப் பார்த்தாள். உள்ளே பழுப்பு நிறப் பனியன்.

மாத்தியிருக்கான், என்று நினைத்தாள். சொன்னதக் கேட்டு மாத்தியிருக்கான்.

"போன் பண்ணு!" என்று டெல்மர் கத்தினான். "வெல்டா, போன் பண்ணு!"

போன் அவள் கையில்தான் இருந்தது. திரையில் இன்னும் ரோண்டாவின் சிரிப்பு முகங்கள் இருந்தன.

ஆம்புலன்ஸ் மலையேறி வந்தபோது ஆப்பிள் பை கருகி வீடெல்லாம் புகை. வந்தவர்களில் ஒருத்தி முதலில் அடுப்பை அணைத்தாள். பிறகு கவுண்டி நிர்வாகத்திலிருந்து மரண விசாரணை அலுவலர் வந்தார். ஈரத் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு, மெதுவாகப் பேசினார். துப்பாக்கி இருந்ததா என்று கேட்டார். இல்லை என்றார்கள். மாரடைப்புதான் என்றார், வலி தெரிந்திருக்காது என்றார்.

"கடைசியா அவர் அசைஞ்சத நீங்க எப்போ பாத்தீங்க?"

மாவு உருட்டினதிலிருந்து குருவி வந்ததுவரை வெல்டா யோசித்தாள். இடையில் எதுவும் கிடைக்கவில்லை.

"நான் வந்தப்போ," என்றான் டெல்மர். "எனக்குக் கையாட்டினான்."

அலுவலர் தலையாட்டினார். வெல்டா தம்பியைப் பார்த்தாள். அவன் தரையில் தன் ஈரக் கால்தடங்களைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

ரோண்டா அன்று மாலையே வந்துவிட்டாள். அழுது முடித்து, அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு சோபாவில் நெடுநேரம் உட்கார்ந்திருந்தாள்.

"அம்மா."

"ம்."

"நீ அந்தப் படம் அனுப்பினப்போ..."

வெல்டா மகளின் விரல் மோதிரத்தைத் திருகிக்கொண்டே இருந்தாள்.

"உங்க மாமா வந்தப்போ அப்பா கையாட்டினாரு," என்றாள். "டெல்மர் பாத்தான்."

ரோண்டா மூச்சை விட்டாள். "சரிம்மா," என்றாள்.

மறுநாள் இறுதிச் சடங்கு இல்லத்துக்கு மூவரும் போனார்கள். நடத்துபவர் பக்னர், ஊரில் பாதிப்பேரை அடக்கம் செய்தவர். ரோண்டா உடைகளைக் கொண்டுவந்திருந்தாள். நீல கோட்டு, வெள்ளைச் சட்டை, சிவப்பு டை. அவள் கல்யாணத்துக்கு ஹாலிஸ் போட்டிருந்தவை.

"ரொம்ப நல்லா இருக்கும்," என்றார் பக்னர்.

"வெள்ளை வேண்டாம்," என்றாள் வெல்டா.

"அம்மா?"

"வெள்ளை வேண்டாம். சிவப்பும் வேண்டாம். நீலம் ஆகவே ஆகாது. மூணையும் ஒண்ணாக் கொண்டு வந்திருக்க. எவனாவது பாத்தா என்ன ஆகும்?"

அவள் குரல் உயரவில்லை. மளிகைக் கடையில் பேசுவதுபோலத்தான் பேசினாள். ரோண்டா அம்மாவையும் பக்னரையும் மாறி மாறிப் பார்த்தாள். டெல்மர் எழுந்தான். நாற்காலியைச் சரியாகத் தள்ளி வைத்துவிட்டு வெளியே போனான். ஜன்னல் வழியே, அவன் தன் வண்டியின் பின்பக்கத்தில் இரு கையையும் ஊன்றிக் குனிந்து நிற்பது தெரிந்தது.

கடைசியில் ஹாலிஸ் பழுப்பு நிறக் கம்பளிச் சட்டையில் படுத்திருந்தான். ஞாயிற்றுக்கிழமை அடக்கத்துக்கு வந்தவர்கள் சீஸ் போட்ட உருளைக்கிழங்கும் பன்றித் தொடையும் கொண்டுவந்து குவித்தார்கள். அவன் கடிதம் கொடுத்த வீடுகள் எல்லாம் வந்திருந்தன. தூங்கற மாதிரியே போயிருக்கான், இப்படிச் சாவு யாருக்குக் கிடைக்கும், என்றார்கள். வெல்டா எல்லாருக்கும் நன்றி சொன்னாள்.

திங்கட்கிழமை விடியற்கருக்கலில் அவளுக்கு விழிப்பு வந்தது. ரோண்டா மேலே தூங்கிக்கொண்டிருந்தாள். வெல்டா சமையலறைக்கு வந்து விளக்கைப் போடாமல் நின்றாள். முன்னறை ஜன்னல் வழியே வாசலில் டெல்மரின் வண்டி தெரிந்தது. விளக்கில்லை, எஞ்சின் ஓடவில்லை. உள்ளே அவன் உட்கார்ந்திருந்தான். தலை பின்னால் சாய்ந்திருந்தது. அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். அவன் அசையவில்லை.

கதவைத் திறந்ததோ, படியிறங்கியதோ அவளுக்குத் தெரியாது. இரவுடையோடு ஈரப் புல்லில் வெறுங்காலோடு ஓடி, வண்டிக் கண்ணாடியை இரண்டு கையாலும் அறைந்தாள். டெல்மர் துள்ளி எழுந்தான். முழங்கை பட்டு ஹாரன் அலறியது.

"என்ன! என்ன ஆச்சு வெல்டா?"

"அசைஞ்சா என்ன உனக்கு?" என்றாள். "கொஞ்சம் அசைஞ்சா என்ன?"

அவனுக்குப் புரிந்தது. கை நீட்டி மறுபக்கக் கதவைத் திறந்தான். அவள் சுற்றிவந்து ஏறி உட்கார்ந்தாள்.

"காட்டுக்குப் போகலாம்னுதான் கிளம்பினேன்," என்றான். "வண்டி இங்க வந்துடுச்சு."

கிழக்கே மலைவிளிம்பு சாம்பல் நிறமாகிக்கொண்டிருந்தது.

"டெல்மர், அன்னிக்கு நீ வந்தப்போ..."

"ஆட்டினான்," என்றான் அவன், அவள் முடிக்கும் முன்பே.

அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். சவரம் செய்யாத தாடை. நேரே பார்த்துக்கொண்டிருந்த கண்கள்.

"சரி," என்றாள்.

தூரத்து மேட்டில் ஒரு வெடிச்சத்தம் கேட்டது. யாருக்கோ சேவல் கிடைத்துவிட்டது. இருவரும் அந்தப் பக்கம் திரும்பவில்லை. வெல்டாவின் வெறும் பாதங்கள் குளிரில் விறைத்திருந்தன. புல் ஒட்டிக்கொண்டிருந்தது. டெல்மர் அதைப் பார்த்தான். குனிந்து, ஸ்டியரிங்கில் முட்டிக்கொண்டு, பூட்ஸ் நாடாக்களை அவிழ்த்தான். தடித்த கம்பளிக் காலுறைகளை ஒவ்வொன்றாக உருவி அவளிடம் நீட்டினான்.

அவள் வாங்கிக் காலில் மாட்டிக்கொண்டாள். சூடாக இருந்தன.