சமையலறையில் ஒரு பைலட்

அந்த வீட்டில் ஒரு சட்டம் இருந்தது. சமையலறையிலிருந்து அம்மா என்ன பேசினாலும் யாரும் பதில் சொல்லக்கூடாது. அழுதாலும் சரி, "என்னை விட்டுப் போயிடாதே" என்று கெஞ்சினாலும் சரி, அவரவர் வேலையை அவரவர் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியது. சட்டம் போட்டவளே அம்மாதான். அப்புறம் யாரை நொந்துகொள்வது?

அவள் காதல் நாவல் எழுதிக்கொண்டிருந்தாள். எழுதினாள் என்றால் உட்கார்ந்து எழுதவில்லை. உட்கார யார் விட்டார்கள்? காலையில் பல் ஆஸ்பத்திரியில் டோக்கன் கூப்பிடும் வேலை. மதியம் வீடு திரும்பினால் துணி, பாத்திரம், அடுப்பு. கை இரண்டும் எந்நேரமும் ஈரம். சும்மா இருந்தது வாய் ஒன்றுதான். அதனால் வாயாலேயே எழுதினாள். கைபேசியை உப்பு டப்பாவின் மேல் சாய்த்து வைத்துவிட்டு, பாத்திரம் தேய்த்தபடி சொல்லச் சொல்ல அது எழுத்தாக்கிக்கொண்டே போகும். வாக்கியம் முடிந்ததும் 'புள்ளி' என்றால் புள்ளியும் வைத்துவிடும்.

அந்தப் புள்ளி அவள் நாக்கோடு ஒட்டிக்கொண்டது. "தக்காளி நசுங்காததா பார்த்துப் போடுங்க புள்ளி" என்று அவள் சொன்னதைக் கேட்டுக் காய்கறிக்காரர் தராசை விட்டுவிட்டு அவள் முகத்தையே பார்த்திருக்கிறார். மகள் இந்தக் கதையைச் சொல்லியே கல்லூரியில் நிறைய சிநேகிதிகளைச் சம்பாதித்தாள்.

ஆரம்பத்தில் சட்டம் எதுவும் கிடையாது. கதாநாயகி "ஐயோ, வேண்டாம்!" என்று அலறிய அன்று, ஹாலில் பழைய ஃப்ரிட்ஜ் ஒன்றைப் பிரித்துப் போட்டிருந்த கணவர் ஸ்பானரும் கையுமாக ஓடிவந்து நின்றார். ஃப்ரிட்ஜ் மெக்கானிக். அவர் கேட்ட "என்னாச்சு, கரண்ட் அடிச்சுதா?" அப்படியே நாவலுக்குள் ஏறிக்கொண்டது. இன்னொரு நாள் நிலவை வர்ணிக்கும் இடத்தில் மகளின் காணாமல் போன சாக்ஸ் வந்து உட்கார்ந்தது. அன்றைக்குத்தான் அவளுக்குப் பொறுக்கவில்லை.

"நான் பேசினாலே உங்ககிட்டதான் பேசறேன்னு ஏன் நினைக்கறீங்க? நமக்குள்ள பேச என்ன இருக்கு? சாப்பிட வாங்க, துணிய எடுத்துப் போடுங்க, அவ்வளவுதானே? இனிமே நான் இங்க என்ன பேசினாலும் யாரும் வாயத் திறக்காதீங்க!"

வீடு அதை அப்படியே எடுத்துக்கொண்டது. நல்ல மனிதர்கள், சொன்ன பேச்சைக் கேட்பவர்கள்.

நாவலின் கதாநாயகன் பைலட். கதாநாயகி விமான நிலையத்தில் அறிவிப்புச் சொல்பவள். முகத்தைப் பார்க்காமல் அவள் குரலை மட்டும் கேட்டே பைலட் மனதைப் பறிகொடுக்கிறான்.

"வெறும் குரலுக்காகவா? கேக்கறவன் கேனையனா இருக்கணும்," என்றார் கணவர்.

"நீங்க எதுக்காக என்னைக் கட்டிக்கிட்டீங்க?"

"எங்கப்பா சொன்னாரு, கட்டிக்கிட்டேன்."

எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். அது முதல் சாப்பிட உட்காரும்போதெல்லாம் அவர், "பைலட் சாப்பிட்டாச்சா, இல்ல நான் முந்திக்கட்டுமா?" என்று கேட்பது வழக்கமாயிற்று. ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பைலட் பேசிய பேச்செல்லாம் அவள் இந்த மனிதரிடமிருந்து கேட்க ஆசைப்பட்ட பேச்சுதான். அது அவருக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டும் என்றும் அவருக்குத் தோன்றியதில்லை.

பாதி நாவலைப் படித்த பதிப்பாளர் அம்மாள் போன் செய்தார். "முடிச்சுக் கொடுங்க, உடனே போட்டுடலாம். அடுத்தது என்ன, யோசிச்சீங்களா?" சாப்பாட்டு மேஜையைத் தவிர வேறெங்கும் யாரும் அவளிடம் 'அடுத்தது என்ன' என்று கேட்டதில்லை. போனை வைத்த பிறகும் வெகுநேரம் அவள் தனக்குத்தானே சிரித்துக்கொண்டிருந்தாள்.

குரல் கம்மத் தொடங்கியது அப்போதுதான். சளிப் பிடித்திருக்கும் என்று நினைத்தாள். சளி போயிற்று, கம்மல் போகவில்லை. "அம்மா, உன் ஹீரோயின் வர வர வில்லி மாதிரி பேசறா," என்றாள் மகள். கடைசியில் அவள் தனியாகவே போய்த் தொண்டை டாக்டரைப் பார்த்தாள். அவர் மெல்லிய குழாயை விட்டுப் பார்த்தார்.

"குரல் நாண்ல ஒரு கட்டி இருக்கு. சீக்கிரமா எடுத்து டெஸ்டுக்கு அனுப்பணும். அதுக்கப்புறம் குரல் எவ்வளவு திரும்பும்னு என்னால உறுதியா சொல்ல முடியாதும்மா. போயிடவும் போயிடலாம். அதுவரைக்கும் பேச்சைக் குறைங்க. அடுத்த தடவை வீட்ல யாரையாச்சும் கூட்டிட்டு வாங்க."

பேருந்தில் வரும் வழியெல்லாம் சொல்ல வேண்டியதை மனதுக்குள் சொல்லிப் பார்த்தாள். வீட்டுக்குள் நுழைந்ததும் சொல்லிவிட வேண்டும் என்றுதான் வந்தாள். கணவர் செய்தித்தாளை விரித்துத் திருகாணிகளைப் பரப்பி வைத்திருந்தார். டி.வி. ஓடிக்கொண்டிருந்தது. "வந்துட்டியா? ஒரு டீ போடேன்," என்றார் தலையைத் தூக்காமல்.

அவள் சமையலறைக்குள் போனாள். அடுப்பில் தண்ணீரை வைத்தாள். கை தன் பாட்டுக்குக் கைபேசியைத் திறந்து உப்பு டப்பாவின் மேல் சாய்த்தது. ஹாலுக்குப் போய் அவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல அவளுக்குத் தைரியம் வரவில்லை. மனதில் இருப்பதைப் பேச அவளுக்குப் பழகிய இடம் அந்த அடுப்படி ஒன்றுதான். அங்கே நின்றபடியே சொன்னாள்.

"ஏங்க... எனக்குப் பயமா இருக்கு புள்ளி. கொஞ்சம் பக்கத்துல வந்து நில்லுங்களேன் புள்ளி. என் குரல் போயிடுமாம்."

ஹாலில் டி.வி. சட்டென்று நின்றது. திருகாணிகள் விலகும் சத்தம் கேட்டது. அவர் எழுந்துவிட்டார். காலடி ஹாலைக் கடந்து வந்தது. அவள் மேடையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டாள். வந்துவிட்டார். வாசல்படி வரைக்கும் வந்துவிட்டார்.

கதவு சத்தமில்லாமல் சாத்திக்கொண்டது.

"அம்மா முக்கியமான கட்டத்துல இருக்கா," என்று வெளியே அவர் மகளிடம் அடங்கிய குரலில் சொன்னது கேட்டது. "டி.வி. போடாதே."

அதில் கோபம் இல்லை, அலட்சியம் இல்லை. அவள் வேலை கெட்டுவிடக் கூடாதே என்ற கரிசனம்தான். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். தண்ணீர் கொதித்துப் பாதி வற்றும்வரை நின்று அழுதாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு கைபேசியைப் பார்த்துச் சொன்னாள். "அவன் ஓடி வந்தான் புள்ளி. எதுவும் கேட்காமல் அவள் பக்கத்தில் நின்றான் புள்ளி."

டீயை வாங்கிக்கொண்டு கணவர், "இன்னிக்கு செம சீன் போலிருக்கே! தொண்டையக்கூட அதுக்கேத்த மாதிரி மாத்திட்டே," என்றார். "பைலட் வந்தானா?"

"வந்தான்," என்றாள்.

மறுபடி சொல்லியிருக்கலாம். அவளுக்கு வீம்பு. கெஞ்சிக் கேட்டு வாங்கும் அக்கறை எனக்கு வேண்டாம் என்று ஒரு பாழாய்ப்போன வீம்பு. பேச்சைக் குறைக்கச் சொன்ன டாக்டரை மறந்து, மிச்சமிருந்த குரலையெல்லாம் போட்டு நாவலை முடித்தாள். முடித்து அனுப்பிய மறுநாள்தான் ஹாலுக்கு வந்து, அவர் கையிலிருந்த ஸ்பானரை வாங்கி வைத்துவிட்டு, விஷயத்தைச் சொன்னாள்.

அவர் முகம் வெளுத்துவிட்டது. "இத்தனை நாளா ஏன் சொல்லல?"

"சொன்னேன்."

"எப்ப சொன்னே?"

அவள் ஸ்பானரை எடுத்து அவர் கையிலேயே கொடுத்துவிட்டு உள்ளே போனாள்.

அறுவை சிகிச்சை நடந்தது. பயந்த வியாதி இல்லை என்று டெஸ்டில் வந்தது. கட்டி போயிற்று. கூடவே குரலும் போயிற்று. வாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது, அந்தக் காற்றைக் கைபேசி எழுத்தாக எடுத்துக்கொள்ளவில்லை. பல் ஆஸ்பத்திரியில் டோக்கன் கூப்பிட வேறு பெண் வந்தாள். நாற்காலியில் உட்கார்ந்து விரலால் எழுதிப் பார்த்தாள். நேரம் இருந்தது, நாற்காலி இருந்தது, கதைதான் வரவில்லை. பைலட் எந்த ஊருக்குப் பறந்தானோ, இறங்கவே இல்லை. பதிப்பாளர் அம்மாளும் அடுத்ததைக் கேட்பதை விட்டுவிட்டார்.

புத்தகம் வந்தது. மகள் ஹாலில் உட்கார்ந்து அப்பாவுக்கு உரக்கப் படித்துக் காட்டினாள். அவர் திருகாணி முடுக்கியபடி கேட்டுக்கொண்டிருந்தார். அவள் உள்ளே வாணலி தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"'ஏங்க, எனக்குப் பயமா இருக்கு. கொஞ்சம் பக்கத்துல வந்து நில்லுங்களேன். என் குரல் போயிடுமாம்.'"

"நிறுத்து," என்றார் அவர். "இத நான் கேட்டிருக்கேன்."

"எல்லாரும்தாம்பா கேட்டோம். நீங்ககூட எழுந்து போய்க் கதவை..." மகள் பாதியில் நிறுத்திக்கொண்டாள்.

அவர் புத்தகத்தை வாங்கிக்கொண்டு சமையலறை வாசலில் வந்து நின்றார். "இது எனக்குச் சொன்னதா?"

அவள் குழாயை மூடாமல் ஆமாம் என்று தலையை மட்டும் ஆட்டினாள்.

மறுநாள் காலையில் அவர் சமையலறைக் கதவைக் கீலோடு கழற்றி, கொண்டுபோய் பால்கனிச் சுவரில் சாத்தி வைத்தார். இப்போது உள்ளே ஒரு கரண்டி விழுந்தால் போதும், எந்த வேலையானாலும் போட்டுவிட்டு ஓடி வருகிறார். அவள் பக்கத்தில் வந்து நிற்கிறார்.

"கூப்பிட்டியா?" என்று கேட்கிறார்.

அவள் இல்லை என்று தலையாட்டுகிறாள்.