பதினாறாவது மணி நேரம்

முந்தின நாள் மாலை ஆறு மணிக்குக் கிரேன் கூண்டில் ஏறியவன் நான். காலையில் மாற்று ஆள் வரவில்லை. பத்து மணி வெயிலிலும் இருபது மாடி உயரத்தில் அப்படியே உட்கார்ந்திருந்தேன். கீழே கொக்கி மாட்டுபவன் என் மனைவியின் தம்பி.

எல்லாரிடமும் வாக்கி டாக்கி உண்டு. அதில் எங்களுக்கு ஒரு விளையாட்டு. சூப்பர்வைசர் களைப்பைச் சொல்ல நாளுக்கொரு இங்கிலீஷ் வார்த்தையோடு வருவார். திங்கட்கிழமை ‘வைப்ட் அவுட்’, மறுநாள் ‘நாக்கர்டு’, அதற்கும் மறுநாள் ‘டெட் பீட்’. எல்லாம் ஒரே அலுப்புதான். ஏசி அறையிலிருந்து வந்த அந்த வார்த்தைகளைப் பொறுக்கி நாள் முழுக்க ஒருவருக்கொருவர் கேலியாகச் சொல்லிக்கொள்வோம். தண்ணீர் குடிக்கப் போகிறவன்கூட ‘நான் நாக்கர்டு’ என்பான்.

அன்று ஒரு டன் கம்பிக் கட்டு கொக்கியில் தொங்கியது. எப்போது கண்ணை மூடினேன் என்று தெரியாது. கை மட்டும் நெம்புகோலைத் தள்ளிக்கொண்டே இருந்திருக்கிறது. விழித்தபோது கட்டு மச்சினன் தலைக்கு நேர் மேலே ஆடியது. அவன் குனிந்து அடுத்த கட்டுக்குச் சங்கிலி சுற்றிக்கொண்டிருந்தான்.

கையை எடுத்தேன். வாய்க்கு வந்தது அந்தச் சனியன் பிடித்த வார்த்தைதான்.

“மாப்ள, நான் வைப்ட் அவுட்டு.”

“அது திங்கக்கிழமை சரக்கு மாமா. புதுசா ஏதாவது விடுங்க.”

சூப்பர்வைசரும் சேர்ந்துகொண்டார். “காலையிலேர்ந்து மூணு மீட்டிங். நானே டெட் பீட்டுப்பா. மத்தியானம் ஆள் வந்துடும். வேலையைப் பாரு.”

இமை மறுபடி இறங்கியது. உதட்டைக் கடித்தேன். உப்புக் கரித்தது.

“மாப்ள, சிரிக்காத. நான் தூங்கிட்டேன். கம்பி உன் தலைக்கு மேல நிக்குது.”

சிரிப்பு நின்றது. அவன் நிமிர்ந்தான். ஓடவில்லை. பக்கத்தில் நின்ற இருவரின் தோளைப் பிடித்து இழுத்தபடி, கண்ணை மேலிருந்து எடுக்காமல் பின்னால் நகர்ந்தான்.

“மாமா, என் கையை மட்டும் பாருங்க. பேசிக்கிட்டே இருங்க.”

“என்னத்தப் பேச?”

“அக்கா எப்படித் திட்டுவான்னு சொல்லுங்க.”

“உன்னை என்கூட வேலைக்கு அனுப்பினப்பவே திட்டி முடிச்சிட்டா.”

அவன் கை இறங்க இறங்க, கயிற்றை அங்குலம் அங்குலமாக விட்டேன். கட்டு வெறும் மண்ணில் உட்கார்ந்தது.

“யாருய்யா அங்க இறக்கச் சொன்னது? தூக்கி அஞ்சாவது மாடியில வை,” என்றார் சூப்பர்வைசர்.

மச்சினன் போய்ச் சங்கிலியைக் கழற்றினான். கொக்கி வெறுமனே ஆடியது.

“தூக்கறதுக்கு ஒண்ணுமில்ல சார். மாமா, சாவியை எடுத்துக்கிட்டு இறங்குங்க. வேலை போனா ரெண்டு பேருக்கும் போகட்டும்.”

ஏணியில் முதல் காலை வைத்தேன். வாக்கி டாக்கியில் அவன் என் படிகளை எண்ணத் தொடங்கினான்.