எங்கள் கடையைப் பற்றி ராகவி பேசினாள்

நியூசிலாந்தின் ஓக்லாந்தில், பிளாக்ஹவுஸ் பே கடைத்தெருவில், மருந்துக்கடைக்கும் டெய்ரி என்று சொல்லும் சின்னப் பலசரக்குக் கடைக்கும் நடுவில் எங்கள் பீட்சாக் கடை இருந்தது. அப்பா அதை வயதான ஒரு குரோவேஷியக்காரரிடமிருந்து வாங்கினார். பழைய பெயர்ப்பலகையை அவர் மாற்றவில்லை. அதில் பெரிய மீசையோடு ஓர் இத்தாலியன் சிரித்துக்கொண்டிருப்பான். புதிதாக வருகிறவர்கள் பலகையையும் அப்பாவையும் மாறிமாறிப் பார்ப்பார்கள். அப்பா தன் மீசையைத் தடவிக் காட்டுவார். அவர்கள் சிரித்துவிடுவார்கள்.

அப்பாவின் பெயர் எமில். மன்னாரில் மீன்பிடி அலுவலகத்தில் வேலை பார்த்தவர். இங்கே வந்து ஹோட்டல்களில் பாத்திரம் கழுவி, பிறகு மாவு பிசையப் பழகி, கடைசியில் சொந்தமாக ஒரு கடை என்று நிமிர்ந்தார். அம்மா இமெல்டா கவுண்டரில் நிற்பார். நானும் தம்பி அன்றூவும் பள்ளி விட்டதும் நேரே கடைக்குத்தான் போவோம். என் பெயர் றெபேக்கா. அப்போது எனக்குப் பத்து வயது.

அந்தக் கடையை எனக்கு எவ்வளவு பிடிக்கும் என்று சொல்லாவிட்டால் மற்றதெல்லாம் விளங்காது. வெள்ளிக்கிழமை பின்னேரங்களில் ஜன்னல் கண்ணாடி முழுக்க ஆவி படிந்திருக்கும். வகுப்புப் பிள்ளைகள் வெளியே நின்று அதில் மூக்கை ஒட்டிக்கொண்டு உள்ளே பார்ப்பார்கள். மூலையில் காசு போட்டு விளையாடும் ஒரு வீடியோ கேம் பெட்டி இருந்தது. நானும் அன்றூவும் போட்டி போட்டுக்கொண்டு அட்டைப் பெட்டிகளை மடித்து அடுக்குவோம். பிறந்தநாள் என்று யாராவது வந்தால், அப்பா ஒலிவ் காயால் கண்ணும் குடைமிளகாயால் வாயும் வைத்து, அந்தப் பிள்ளையின் முகம்போலவே ஒரு பீட்சா செய்து கொடுப்பார். அதற்காகவே பிள்ளைகள் அழுது அடம்பிடித்து எங்கள் கடையில் பிறந்தநாள் வைப்பார்கள். பள்ளியில் நான் ஒரு குட்டி இளவரசி. அன்றூவுக்கு மட்டும் சீஸ் வாசமே ஆகாது. பீட்சாக் கடைக்காரரின் மகன் பீட்சாவைத் தொடமாட்டான் என்பது அந்தத் தெருவுக்கே தெரிந்த பகிடி.

ராகவி என் வகுப்பு. என் சிநேகிதி. அவளுடைய அப்பா சற்குணம் பெரிய கம்பனியொன்றில் கணக்காளர். தமிழ்ச் சங்கத்தின் தலைவர். மேடையில் பேச ஆரம்பித்தால் நிறுத்தமாட்டார். எங்கள் அப்பாவை அவர் எப்போதும் 'பீட்சா எமில்' என்றுதான் சொல்லுவார். முகத்துக்கு நேரேயும் அப்படித்தான்.

தொண்ணூற்றைந்தாம் ஆண்டு மார்ச் மாதம் ராகவியின் பிறந்தநாளை எங்கள் கடையில் வைத்தார்கள். ஒரு சனிக்கிழமை. கோடை முடியப் போகிறது என்று சொன்னார்களே தவிர வெயில் குறையவில்லை. அப்பா காலையிலிருந்தே பலூன் கட்டினார். மாலையில் சற்குணம் அங்கிளின் கார் வந்து நின்றது. அவருடைய மனைவி அன்னபாக்கியம் அன்ரி டிக்கியைத் திறந்து, அலுமினியத் தாள் மூடிய இரண்டு பெரிய தட்டுகளை எடுத்தார். நான் ஒன்றை வாங்கிக்கொள்ளப் போனேன்.

"பிள்ளை, கவனம். மட்டன் றோல்ஸ்" என்றார் அன்ரி. "விடியவே பொரிச்சு எடுத்துக்கொண்டு வெளிக்கிட்டனாங்கள். கோயிலுக்குப் போய், கேக் எடுத்து, உடுப்புக் கடைக்கும் போய்... ஓடின ஓட்டம்!"

தட்டு கையில் சுட்டது. அடுப்பிலிருந்து இப்போதுதான் இறக்கியதுபோல இருந்தது.

"சாப்பாடு நாங்கள் தாறம்தானே, அண்ணை. இது ஏன்?" என்று அப்பா கேட்டார்.

"எங்கட ஆக்கள் வெறும் பீட்சாவைத் திண்டிட்டுப் போவினமோ, எமில்? நாளைக்குக் கதை வந்திடும்" என்று சற்குணம் அங்கிள் சிரித்தார்.

எங்களுக்கு அது தவக்காலம். அம்மாவும் அப்பாவும் நானும் இறைச்சி தொடவில்லை. நான் சீஸ் பீட்சாவை வயிறு முட்டச் சாப்பிட்டேன். அன்றூ சின்னவன் என்பதால் அம்மா அவனைத் தடுக்கவில்லை. அவன் வழக்கம்போலப் பீட்சா பக்கமே போகாமல் றோல்ஸை மட்டும் வெளுத்து வாங்கினான்.

அன்று இரவே பிள்ளைகள் வாந்தியெடுக்கத் தொடங்கினார்கள். எல்லோரையும்விட மோசம் எங்கள் அன்றூ. ஆஸ்பத்திரியில் சேலைன் ஏற்றிக் கிடந்தான். எனக்கு ஒன்றுமில்லை. அம்மாவுக்கும் இல்லை. அப்பாவுக்கும் இல்லை. டாக்டர், யார் யார் என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டபோதே, பழுது றோல்ஸில்தான் என்று எங்களுக்கு விளங்கிவிட்டது.

அப்பா அன்றூவின் கட்டிலருகே இருந்து எழுந்து நேரே சற்குணம் அங்கிளின் வீட்டுக்குப் போனார். நானும் காரில் போனேன். சண்டைக்குப் போகவில்லை. மற்றப் பிள்ளைகளின் டாக்டர்களுக்குச் சொன்னால் உதவியாக இருக்கும் என்றுதான் போனார். ஆனால் நாங்கள் போவதற்கு முன்னரே சற்குணம் அங்கிள், எங்கள் கடைமேல் குறை சொல்லி நகர கவுன்சிலுக்கு ஃபோன் பண்ணிவிட்டார். வந்திருந்த எல்லாப் பெற்றோருக்கும் சொல்லியும் முடித்துவிட்டார்.

"அண்ணை, அன்றூ பீட்சாவைத் தொடவே இல்லை. அவன் திண்டது றோல்ஸ் மட்டும்தான்" என்று அப்பா வாசலில் நின்றபடி சொன்னார். உள்ளே வரச் சொல்லவில்லை அவர்கள்.

"என்ர வீட்டுச் சாப்பாட்டையோ சொல்லுறீர்?" சற்குணம் அங்கிளின் முகம் கறுத்தது. "இருபது வருசமா என்ர மனுசி சமைக்கிறா. ஒருத்தருக்கும் ஒண்டும் வந்ததில்லை. உம்மட கடையின்ர ஊத்தையை மறைக்க எங்கட தலையில போடாதையும்."

அன்னபாக்கியம் அன்ரி அவருக்குப் பின்னால் நின்றார். நான் அவரையே பார்த்தேன். காலையிலிருந்து காரில் கிடந்த தட்டு என்று அவர்தானே என்னிடம் சொன்னார். அவர் என்னைப் பார்க்கவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அப்பா திரும்பினார். இன்றைக்கும் என்னால் அதைத் தாங்க முடியவில்லை. அவர் அங்கே கத்தியிருக்க வேண்டும். கதவில் ஓங்கி அடித்திருக்க வேண்டும். "சரி அண்ணை" என்று சொல்லிவிட்டு வந்து காரில் ஏறினார்.

கவுன்சில் அதிகாரிகள் வந்தார்கள். குளிர்ப்பெட்டி, மாவு, சீஸ், கை கழுவும் இடம் எல்லாம் பார்த்தார்கள். ஒரு பிழையும் இல்லை என்று எழுதித் தந்தார்கள். அப்பா அதை ஜன்னலில் ஒட்டினார். ஒட்டியிருக்கக் கூடாது. அதுவரை விஷயம் தெரியாதவர்களும் நின்று வாசித்தார்கள். வாசித்துவிட்டு மற்றக் கடைக்குப் போனார்கள். தமிழ் ஆட்கள் ஒருவரும் வரவில்லை. பள்ளியில் பிள்ளைகள் என்னைக் கண்டதும் வாய்க்குள் விரலை விட்டு ஓங்காளித்துக் காட்டினார்கள். ஒரு நாள் ராகவியும் அவர்களோடு நின்று சிரித்தாள். நான் அவளுடைய சாப்பாட்டுப் பெட்டியைப் பிடுங்கி மைதானத்தில் எறிந்தேன். அதற்கு அம்மாவைப் பள்ளிக்கு வரச் சொன்னார்கள்.

குளிர்காலம் வருவதற்குள் கடை போய்விட்டது. வாங்கியவர் முதலில் செய்தது, அந்த மீசைக்கார இத்தாலியனைக் கழற்றிக் குப்பைத் தொட்டியில் போட்டது. வீடியோக் கடை வைத்தார். நாங்கள் த்ரீ கிங்ஸ் பகுதிக்கு வீடு மாறினோம். அப்பா பஸ் ஓட்டப் போனார். அம்மாவுக்கு அங்கே சூப்பர்மார்க்கெட்டில் பாண் அடுக்கும் வேலை கிடைத்தது. சற்குணம் அங்கிள் பாட்டனி டவுன்ஸில் மாடிவீடு கட்டிக்கொண்டு போனார். எங்கள் வீட்டில் பிறகு யாரும் பீட்சா செய்யவில்லை. ஒருமுறை நான் கேட்டதற்கு அப்பா, "அந்த அடுப்பு இல்லாமல் சரிவராது, பிள்ளை" என்றார். அவ்வளவுதான்.

தொண்ணூற்றொன்பதில் தமிழ்ச் சங்கத்தின் கலைவிழா மவுண்ட் றொஸ்கிலில் நடந்தது. அன்றூ அதில் மிருதங்கம் வாசிக்கிறான் என்பதால் நாங்களும் போனோம். நாலு வருசமாக அந்தக் கூட்டங்களுக்கு நாங்கள் போனதில்லை. அம்மா வரும்போதே முகத்தை இறுக்கிக்கொண்டுதான் வந்தார். சற்குணம் அங்கிள் முன்வரிசையில் பட்டு வேட்டியோடு இருந்தார். எங்களைக் கண்டு தலையை ஆட்டினார். அப்பாவும் ஆட்டினார்.

இளையோர் பேச்சு என்று ஒரு நிகழ்ச்சி. ராகவி மேடைக்கு வந்தாள். வளர்ந்திருந்தாள், வடிவாகவும் இருந்தாள். ஓக்லாந்தில் வளர்ந்த கதை என்று ஆங்கிலத்தில் பேசத் தொடங்கினாள். கடற்கரை, பள்ளி, முதல் சிநேகிதி. பிறகு சொன்னாள்: பிளாக்ஹவுஸ் பேயில் ஒரு குட்டிப் பீட்சாக் கடை இருந்தது, ஜன்னலில் ஆவி படிந்திருக்கும், அங்கேதான் என் பிறந்தநாள், என் முகத்தையே பீட்சாவில் செய்து தந்தார்கள், என் சிறுவயதின் மிக இனிமையான ஞாபகம் அதுதான், ஏனோ அந்தக் கடை மூடிவிட்டது, இப்போது அப்படிப்பட்ட கடைகள் இல்லை.

ஏனோ மூடிவிட்டது. அவள் அப்படித்தான் சொன்னாள். சபை 'ஆ' என்று உருகியது. சற்குணம் அங்கிள் பெருமையோடு கை தட்டினார்.

 அம்மா என் கையைப் பிடிக்கப் பார்த்தார். நான் எழுந்துவிட்டேன்.

"உன்ர அப்பாதான் மூடினவர்!" என்று கத்தினேன். மைக் இல்லாமலே மண்டபம் முழுக்கக் கேட்டது. "உங்கட றோல்ஸிலதான் பழுது. காலமையில இருந்து கார் டிக்கியில கிடந்தது. நான்தான் தட்டைத் தூக்கினனான், எனக்குச் சுட்டது. என்ர தம்பி பீட்சா சாப்பிடவே இல்லை. அவன்தான் செத்துப் பிழைச்சவன். உன்ர அப்பா எங்கட கடையில பழியைப் போட்டார். கேள் உன்ர அம்மாவை!"

கை தட்டல் நின்றது. ராகவி மைக்கைப் பிடித்தபடி, "அம்மா?" என்றாள். அது ஒலிபெருக்கியில் பெரிதாகக் கேட்டது. அன்னபாக்கியம் அன்ரி தலையைக் குனிந்தார். அவர் இல்லை என்று சொல்லவில்லை. ராகவி மேடையை விட்டு இறங்கி ஓடினாள்.

சற்குணம் அங்கிள் எழுந்து, "இது அதுக்கான இடமில்லை. அடுத்த நிகழ்ச்சி!" என்றார். அப்பா என்னை வெளியே கூட்டிக்கொண்டு போனார். காரில் ரேடியோவைப் போட்டுவிட்டு ஓட்டினார். எனக்கு அவர்மேலும் கோபம்தான் வந்தது.

அடுத்த நாள் தேவாலயத்தில் பூசை முடிந்து வீட்டுக்கு வந்து கொஞ்ச நேரத்தில் சற்குணம் அங்கிளும் அன்ரியும் வந்தார்கள். அம்மா கதவைத் திறந்தார். இருக்கச் சொல்லவில்லை. சற்குணம் அங்கிள் தானாகவே சோபாவில் இருந்தார்.

"எமில், நடந்தது நடந்து போச்சு. பழசைக் கிளறி என்ன காணப் போறம்? ஆனா பிள்ளை அத்தனை சனத்துக்கு முன்னால கத்தினது சரியில்லை. ராகவி நேற்றிலயிருந்து சாப்பிடேல்லை. உம்மட மகள் மன்னிப்புக் கேட்டு ஒரு சொறி சொல்லட்டும். அதோட முடிப்பம்."

நான் வாயைத் திறப்பதற்குள் அன்ரி அழத் தொடங்கிவிட்டார். "எனக்கு அண்டைக்கே தெரியும், இமெல்டா. றோல்ஸ்தான். நான் சொல்ல வெளிக்கிட்டனான், இவர்தான்..."

"நீ வாயை மூடு" என்றார் சற்குணம் அங்கிள்.

"என்ர வீட்டுக்குள்ள இருந்துகொண்டு ஒரு பொம்பிளையை வாயை மூடு எண்டு சொல்லாதேங்கோ" என்றார் அம்மா. "அண்ணியும் கேளுங்கோ. தெரிஞ்சுகொண்டு நாலு வருசம் சும்மா இருந்தனீங்கள். உங்கட அழுகையும் எனக்கு வேண்டாம்."

அப்பா அதுவரை ஜன்னலோரம் நின்றிருந்தார். மெதுவாக வந்து சற்குணம் அங்கிளுக்கு முன்னால் நின்றார்.

"எழும்பு" என்றார்.

சற்குணம் அங்கிளுக்கு விளங்கவில்லை. அப்பா அவரை ஒருநாளும் ஒருமையில் பேசியதில்லை.

"எழும்படா!" அப்பாவின் குரலில் ஜன்னல் அதிர்ந்தது. "என்ர பிள்ளை சொறி சொல்லாது. என்ர பெடியன் ஆஸ்பத்திரியில கிடக்கேக்க நீ ஃபோனில ஊரெல்லாம் என்ர பேரை நாறடிச்சாய். கவுன்சில் பிழையில்லை எண்டு தந்த பிறகாவது ஒரு சொல்லுச் சொன்னியா? உனக்கு உன்ர மரியாதை. எனக்கு அந்தக் கடைதான் மரியாதை. வெளிய போ! இனி என்ர பேரை உன்ர வாயால சொல்லாத!"

அவர்கள் போனார்கள்.  அம்மா அப்பாவுக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். அவர் குடிக்கவில்லை. கதவையே பார்த்துக்கொண்டு நின்றார். எனக்கு அழுகை வந்தது. நாலு வருசத்துக்கு முன்னால் அந்த வாசலில் கேட்க விரும்பிய குரல் அதுதான்.

அந்தக் கிழமை அன்னபாக்கியம் அன்ரி பிறந்தநாளுக்கு வந்த குடும்பங்களுக்கெல்லாம் ஃபோன் பண்ணி உண்மையைச் சொன்னாராம். கணவரைக் கேட்காமல் செய்தாராம். அதற்குப் பிறகு எங்கள் வீட்டு ஃபோன் ஓயவில்லை. ஒரு பெண் அம்மாவிடம், "எங்களுக்கு அப்பவே ஒரு சந்தேகம்தான், இமெல்டா" என்றார்.

"அப்ப ஏன் கடைப் பக்கம் வரேல்லை?" என்று அம்மா கேட்டார். மறுபக்கம் என்னவோ மழுப்பியது. அம்மா ஃபோனை அடித்து வைத்தார். பிறகு வந்த அழைப்புகளை எடுக்கவே இல்லை.

சனிக்கிழமை நான் தற்செயலாக எடுத்தேன். ராகவி. அழுதழுது பேசினாள். தனக்கு ஒன்றுமே தெரியாது என்றாள். பள்ளியில் சிரித்ததும் ஞாபகமில்லை என்றாள். வீட்டில் அப்பாவோடு பேசுவதில்லையாம்.

"ஐ றியலி லவ்ட் தட் பிளேஸ், பெக்கா" என்றாள்.

"எங்கட கடையைப் பற்றி நீ இனி எங்கயும் கதைக்கக் கூடாது" என்றேன். "மேடையிலயும் கூடாது, ஃபிரெண்ட்ஸுக்கும் கூடாது."

 "பட் இட்ஸ் மை சைல்ட்ஹூட் டூ" என்றாள் ராகவி.

அது உண்மைதான். அவளும் அந்த ஜன்னலில் மூக்கை ஒட்டிக்கொண்டு நின்றவள்தான். அது உண்மையாக இருந்ததுதான் எனக்கு இன்னும் ஆத்திரத்தைக் கிளப்பியது. நான் ஃபோனை வைத்தேன்.