தேக்கு நிறத்தில் ஓர் இரும்புக் கதவு

1.

சனிக்கிழமை காலை, குழாயில் தண்ணீர் வரும் நேரம். எதிர்வீட்டுச் சுபாஷிணி குடத்தை அப்படியே விட்டுவிட்டு என் வாசலுக்கு வந்தாள்.

"சாரே, நீங்க கதை எழுதற ஆளுதானே? எங்க வீட்டுக்காரரை எழுதுங்க. ஒரு கதவுக்கு எத்தனை தடவைதான் பெயிண்ட் அடிப்பாங்கன்னு எழுதுங்க."

இப்படித்தான் இந்தக் கதை வந்தது. எனக்கு விருப்பமில்லை. [ஒரு கதவைப் பற்றி யார் படிப்பார்கள்?]

2.

முதல் தொடக்கம்: மட்டாஞ்சேரியின் உப்புக் காற்றில் இரும்பும் மனிதர்களும் மெல்ல மெல்ல

வேண்டாம். இரும்பு மட்டும்தான் துருப்பிடிக்கிறது.

இரண்டாவது: பிச்சை ஒரு கலைஞர்

இல்லை. சுபாஷிணியின் கணவர் பிச்சை வெலிங்டன் தீவில் டாக்சி ஓட்டியவர். சென்ற வருடம் காரை விற்றார். கார் ஷெட் காலியானது. அதில் இட்லி மாவுக் கடை போடுவதற்கு அவள் கிரைண்டர் வாங்கினாள். அது இன்னமும் கட்டிலுக்கும் பீரோவுக்கும் நடுவில் நிற்கிறது. பிச்சை மறுக்கவில்லை. ஷெட்டின் இரும்புக் கதவுக்கு மட்டும் பெயிண்ட் அடித்துவிடலாம் என்றார். மரக்கதவு போல.

3.

செய்முறை எளிது. துருவை உப்புத்தாளால் தேய்க்க வேண்டும். பிறகு பிரைமர். அதன்மேல் வெளிர்மஞ்சள். அது காய்ந்தபின் மெல்லிய பழுப்பைப் பூசி, ஈரத்திலேயே சீப்பால் இழுத்தால் மரத்தின் ரேகை விழும்.*

பிச்சைக்கு ரேகை பிடிக்கவில்லை. மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்தார். மறுபடி பூசினார். மறுபடி துடைத்தார். நடுவில் மழை.

"போதும் பிச்சையண்ணே. தேக்கு மாதிரியே இருக்கு."

"சும்மா பறயாதீங்க சாரே. மலிவான ஆஞ்சிலிப் பலகை மாதிரியில்ல இருக்கு?"

நனைந்த அட்டைப்பெட்டி மாதிரி இருந்தது.

* சுபாஷிணியின் பேன்சீப்பு. கதைக்குள் வைத்தால் நீங்கள் அவள் பக்கம் சாய்ந்துவிடுவீர்கள் என்று கீழே இறக்கினேன். சாய்ந்தால்தான் என்ன?

4.

பிச்சை எனக்குப் பிடிபடவில்லை. பெயிண்ட் ஈரமாக இருக்கும்வரை கதவைத் திறக்க முடியாது. திறக்காதவரை அது கார் ஷெட்தான். [தெரிந்தே செய்கிறார் என்றால் வில்லன். தெரியாமல் என்றால் முட்டாள். இரண்டையும் எழுத எனக்குச் சலிப்பாக இருக்கிறது.]

நேராகக் கேட்டுவிட்டேன். "வேற வண்டி எடுக்கப் போறீங்களா?"

"வண்டி எங்க எடுக்க? ஷெட்டு போச்சுன்னா யாரு சாரே என்னை டிரைவர் பிச்சைன்னு விளிப்பா? மாவுக்கடைக்காரியோட புருசன்னுல்ல விளிப்பாங்க."

இது என் கற்பனைக்கு எட்டியிருக்காது. அதனால் எரிச்சல் இன்னும் கூடியது.

5.

முடிவு அ: பிச்சை தானே கதவைத் திறக்கிறார். [பொய்.]

முடிவு ஆ: சுபாஷிணி கிரைண்டரை விற்றுவிட்டு

எழுத மாட்டேன்.

நடந்தது இவ்வளவுதான். இன்று மதியம் அவள் இரண்டு சுமைதூக்கிகளைக் கூட்டிவந்தாள். கிரைண்டர் இப்போது தெருவில் நிற்கிறது. கதவில் புதுப் பழுப்பு பளபளக்கிறது. பிச்சை பிரஷ்ஷுடன் அதன் முன்னால் நிற்கிறார்.

"தொடாதே. ஈரம்."

சுமைதூக்கிகளில் ஒருவர் சிரித்தார். "சேச்சி, உள்ள வைக்கணோ, திரும்பக் கொண்டுபோணோ?"

இதற்குமேல் எழுத எனக்குப் பொறுமையில்லை. சுபாஷிணி கேட்டதோடு நிறுத்துகிறேன்; பிச்சையின் பதிலை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள்.

சுபாஷிணி நைட்டிமேல் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் இறுக்கிக் கட்டினாள். கணவரின் முகத்தைப் பார்த்துக் கேட்டாள்:

"கதவைக் கைய வச்சுத் தள்ளவா, கால வச்சுத் தள்ளவா? நீங்களே சொல்லுங்க."